309ஆம் பிரிவு: ஒரு நோய் குற்றமாக இருந்த வரலாறு



2023ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் மலேசியத் தண்டனைச் சட்டத்திலிருந்து 309ஆம் பிரிவு நீங்கியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் என்று அப்பிரிவு சொன்னது. அந்த நாளுக்கு முன், சாவின் விளிம்பிலிருந்து மீண்டு மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்த ஒருவர், நம் நாட்டுச் சட்டத்தின் பார்வையில் நோயாளி மட்டும் அல்லர். குற்றம் சாட்டப்படக் கூடியவரும் ஆவார்.

நம் பிள்ளைகள் தொடர்பான செய்தி இதில் நிறைய இருந்தும், தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. ஆகவே, இந்தச் சட்டப்பிரிவு எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது, இதன் பின்னால் இருக்கும் நோய் எத்தகையது என்பதை வரலாற்று முறையில் எழுத முற்படுகிறேன்.

சட்டம் வந்த வழி

309ஆம் பிரிவு நம் மண்ணில் முளைத்தது அன்று. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் தன்னுயிரை மாய்த்துக்கொள்வது கொலைக்கு ஒப்பான குற்றம். அவ்வாறு இறந்தவரின் சொத்து அரசுக்குப் போய்ச் சேர்ந்த காலமும் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடமும் மறுக்கப்பட்டது. அந்தச் சிந்தனையின் வழியில், மெக்காலே தலைமையில் வரைவு செய்யப்பட்டு 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309ஆம் பிரிவு இடம்பெற்றது. 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தையே பின்பற்றியது. பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் அது பரவியது. பிரிவின் எண்கூட மாறவில்லை.

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இங்கு வந்தார்கள். அவர்கள் விட்டு வந்த மண்ணின் சட்டம் அவர்களுக்கு முன்பே இங்கு வந்து காத்திருந்தது!

இதில் வியப்பு என்னவென்றால், இச்சட்டத்தைப் பிறருக்குக் கொடுத்த இங்கிலாந்து 1961ஆம் ஆண்டிலேயே தன் நாட்டில் இக்குற்றத்தை நீக்கிவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020 சனவரி முதல் இது குற்றமில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் எனக் கூறி இப்பிரிவைப் பெரிதும் செயலிழக்கச் செய்தது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் பழைய 309 இல்லை. 1957இல் விடுதலை பெற்ற நாம் மேலும் அறுபத்தாறு ஆண்டுகள் அதைச் சுமந்தோம்.

நம் இலக்கியத்தில் வடக்கிருத்தல் உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும் பிசிராந்தையார் அவனோடு சேர்ந்து உயிர் துறந்ததையும் புறநானூறு சொல்கிறது. அது மானமும் நட்பும் பேசும் கதை. வகுப்பில் அதைக் கற்பிக்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இன்று நாம் பேசுவது நோய் பற்றி. நோயில் வரும் சாவு எண்ணத்தில் மானமும் இல்லை, வீரமும் இல்லை. அது நோயின் குறி. காய்ச்சலில் உடல் கொதிப்பதைப் போன்றது.

மகிழ்ச்சி மரத்துப்போகும் நோய்

மனச்சோர்வு நோய் என்றவுடன் நமக்கு அழுகை நினைவுக்கு வருகிறது. ஆனால், இந்நோயின் மையத்தில் இருக்கும் இன்னொரு குறி அழுகையைவிட அமைதியானது. முன்பு இனித்தவை எல்லாம் இனிக்காமல் போவதே அது. பிடித்த உணவு வைக்கோலாகத் தோன்றும். பிடித்த பாட்டு வெறும் இரைச்சலாகக் கேட்கும். பேரக்குழந்தையைத் தூக்கினாலும் நெஞ்சில் ஒன்றும் அசையாது. இதற்கு 1896ஆம் ஆண்டு பிரெஞ்சு உளவியலறிஞர் ரீபோ ஒரு கலைச்சொல்லை ஆக்கினார்: 'அன்ஹிடோனியா'. தமிழில் இன்பமிழப்பு என்று சொல்லலாம்.

கலைச்சொல் புதிதாக இருக்கலாம், நோய் புதிதன்று. கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத்து முதியவர்களிடம் பழங்கதைகளைக் கேட்டுக் குறித்து வருவது என் வழக்கம். "மனசு மரத்துப்போச்சு ஐயா" என்ற சொல்லை அவர்களிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். மரத்துப்போதல் என்பது எவ்வளவு துல்லியமான சொல்! வலி மட்டும் அன்று, தொடு உணர்ச்சியே போய்விடுகிறது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

ஆனால், மேலை மருத்துவம் நம் பக்கத்து மக்களின் மனத்தை வேறுவிதமாகப் பார்த்தது. நவீன மனநோய் வகைப்பாட்டின் தந்தையெனப் போற்றப்படும் செருமானிய மருத்துவர் கிரேப்பெலின் 1904ஆம் ஆண்டு சாவாத் தீவுக்கு வந்து, இன்று போகோர் எனப்படும் ஊரின் மனநோய் மருத்துவமனையில் ஆய்வு செய்தார். இங்குள்ள மக்களிடம் மனச்சோர்வு லேசானது, விரைந்து மறைவது, தன்னையே பழித்துக்கொள்ளும் போக்கு காணப்படவில்லை என்பது அவர் கண்ட முடிவு. இதில் உள்ள ஓட்டையை நாம் எளிதில் காணலாம். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர் யார்? தெருவில் கத்தியவர், பிறரைத் தாக்கியவர். வீட்டின் மூலையில் ஒடுங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அங்கே யார் கொண்டுபோனார்கள்? வராத நோயாளியை இல்லாத நோயாளி என்று எண்ணிக்கொண்டார்கள்.

இந்நோய்க்கு மருந்து கிடைத்த கதையும் சுவையானது. 1952ஆம் ஆண்டு நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயாளிகளிடம் எதிர்பாராத மாற்றம் தெரிந்தது. அவர்களுக்குப் பசி எடுத்தது; சிரித்தார்கள்; மருத்துவமனை நடைவழியில் ஆடினார்கள் என்றுகூடச் செய்தி வந்தது. அதுவே மனச்சோர்வு மருந்துகளின் தொடக்கங்களுள் ஒன்று. 1957ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ரோலண்டு கூன் இமிப்ரமின் என்னும் இன்னொரு மருந்தின் பயனை அறிவித்தார். மருந்து மகிழ்ச்சியை ஊட்டுவதில்லை. மகிழக்கூடிய ஆற்றலை மீட்டுத் தருகிறது என்று புரிந்துகொள்வது நல்லது.

1980ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, பெரு மனச்சோர்வு என்ற நோய்க்கு வரையறை தந்தது. இன்றைய வரையறைப்படி இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், ஒன்பது குறிகளில் ஐந்தேனும் இருக்கவேண்டும். அவற்றுள் சோகம், இன்பமிழப்பு ஆகிய இரண்டில் ஒன்று கட்டாயம். அதாவது, ஒரு துளி கண்ணீர் விடாதவருக்கும் இந்நோய் இருக்கலாம்!

தஞ்சோங் ரம்புத்தான்

"உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்னும் ஏச்சைக் கேட்காத மலேசியத் தமிழர் குறைவு. ஈப்போவுக்கு அருகே 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நடுவண் மனநோய் மருத்துவமனை தந்த ஏச்சு அது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய மாநிலங்களுக்கு அது பொதுவானது. சிலாங்கூரிலிருந்து அங்கே போனவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள்; பலர் திரும்பவே இல்லை. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் உணவுப் பஞ்சமும் நோயும் அங்கிருந்தோரில் பலரைக் கொண்டுபோயின.

1970களின் தொடக்கத்தில் அம்மருத்துவமனைக்குப் பகாகியா என்று பெயர் மாற்றினார்கள். மலாய்மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். மகிழ்ச்சியை இழந்தவர் போகும் இடத்திற்கு மகிழ்ச்சி என்று பெயரிட்டது நல்லெண்ணமே. இருந்தும், பழைய ஏச்சு மட்டும் இன்றுவரை மாறவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு எட்டும் தொலைவில், லெம்பா பந்தாயில் 1960களில் பல்கலைக்கழக மருத்துவமனை எழுந்தது. கிள்ளானிலும் பெரிய அரசு மருத்துவமனை உண்டு. உளமருத்துவரைப் பார்க்க இன்று எவரும் ஈப்போவுக்குத் தொடர்வண்டி ஏறவேண்டியதில்லை. எனினும், பெற்றோர் மனத்தில் அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நகரமாக இருப்பவற்றுள் பல, நேற்று நம்மவர் பால்மரம் சீவிய தோட்டங்கள். சுபாங் ஜெயா, சீபீல்ட் தோட்ட மண்ணில் எழுந்தது. சா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்டப் பகுதியில் எழுந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அவற்றோடு போனவற்றை எந்தக் கணக்கும் காட்டாது. மாரியம்மன் திருவிழா, மாலையில் பந்து உதைக்கும் திடல், திரைச்சீலை கட்டிப் போட்ட நாடகம், முற்றத்துப் பேச்சு. பிரிக்பீல்ட்சில் தொடர்வண்டித் துறைக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த 'நூறு குவாட்டர்ஸ்' வீடுகளும் 2010களில் இடிபட்டன.

இடப்பெயர்வே மனச்சோர்வு என்று நான் சொல்ல வரவில்லை. இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் மீண்டெழுந்து பிள்ளைகளை ஆளாக்கினார்கள். வசதியான வீட்டிலும் இந்நோய் வருகிறது. பரம்பரை, உடல், வாழ்க்கைச் சூழல் எல்லாம் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. ஆயினும், சோர்ந்தவரைத் தூக்கி நிறுத்தும் சின்னச்சின்ன இன்பங்களும் அக்கம்பக்கத்துக் கண்களும் அடுக்குமாடியில் குறைந்துபோயின என்பதை மறுக்க முடியாது.

நம் சமூகம் இதில் தனியாக வருந்தவேண்டிய செய்தி உண்டு. 1988ஆம் ஆண்டு உளமருத்துவப் பேராசிரியர் தி. மணியம் கேமரன் மலையைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அங்கே இந்தியரிடையே தற்கொலை மிகுந்திருந்ததையும், வேளாண் நச்சுப் பொருள்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது அதற்கு ஏதுவானதையும் அவர் சுட்டினார். பின்னர் 2007இல் தொடங்கிய தேசியத் தற்கொலைப் பதிவேடும், மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிட இச்சாவுகளில் நம் பங்கு மிகுதி என்று காட்டியது. கொடிய களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு நம் நாடு 2002இல் தடையை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 சனவரி முதல் முழுமையாகத் தடை செய்தது. நஞ்சு கைக்கெட்டாமல் போனால் பல உயிர்கள் தப்பும் என்பதை இலங்கையின் பட்டறிவு ஐயத்திற்கிடமின்றிக் காட்டியுள்ளது. கடும் எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது. அந்த அலை தணியும்வரை ஆளைக் காப்பதே பாதி மருத்துவம்.

கேட்கும் செவிகள்

1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார் ஒரு சிறுமிக்கு இறுதிச் சடங்கு செய்தார். பதினான்கு வயதான அவள், தான் பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று எண்ணி உயிரை விட்டிருந்தாள். கேட்க ஒருவர் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1953இல் அவர் லண்டனில் சமாரித்தன்ஸ் என்னும் தொலைபேசித் தொண்டைத் தொடங்கினார்.

அதே நெறியில் கோலாலம்பூர் பிபிரெண்டர்ஸ் அமைப்பு 1970இல் பிறந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இரவும் பகலும் தொண்டர்கள் அழைப்புகளுக்குச் செவி கொடுக்கிறார்கள். சென்னையில் மருத்துவர் இலட்சுமி விசயகுமார் 1986இல் தொடங்கிய சினேகாவும் இத்தகையதே.

ஆனால், இவ்வமைப்புகள் ஒரு கையால் கதவைத் திறந்தபோது சட்டம் மறு கையால் அதை மூடியது. முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற குடும்பங்கள் "தவறி நடந்துவிட்டது" என்றே சொல்லின. போலீஸ் வந்துவிடும் என்ற அச்சம்! உண்மை மறைந்தால் சரியான மருத்துவமும் மறைந்துவிடும். கிள்ளானில் நான் அறிந்த ஒரு குடும்பம், மகள் பிழைத்த செய்தியைச் சொந்த அத்தைக்கும் சொல்லாமல் பல ஆண்டுகள் காத்தது. அந்தப் பெண் பின்னாளில் என்னிடம் சொன்னது இது: "சார், சாகணும்னு நெனச்சதவிட, அதச் சொல்லக் கூடாதுன்னு இருந்ததுதான் பெரிய பாரம்."

2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்று இந்த மௌனத்தை உடைத்தது. காவல் துறைக் கணக்குப்படி 2019இல் 609, 2020இல் 631 என்றிருந்த தற்கொலைகள் 2021இல் 1,142 ஆயின. வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உதவி கேட்ட அந்த மாதங்களை நாம் மறக்கவில்லை. உளமருத்துவர்களும் தொண்டர்களும் நெடுங்காலமாக எழுப்பி வந்த குரல் நாடாளுமன்றத்தை எட்டியது. 2023 மே 22ஆம் நாள் மக்களவை திருத்தத்தை நிறைவேற்றியது. பிறரைத் தற்கொலைக்குத் தூண்டுவது மட்டும் இன்றும் குற்றமே. அத்துடன் மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. நெருக்கடியில் இருப்பவரைக் காத்து மருத்துவமனையில் சேர்க்கும் அதிகாரம், காவல் துறையோடு தீயணைப்பு மீட்புத் துறை போன்றவற்றின் அலுவலர்களுக்கும் கிடைத்தது. கைவிலங்கு இருந்த இடத்தில் கைகொடுத்தல் வந்தது.

முதல் கேள்வியும் ஒன்பதாம் கேள்வியும்

மருத்துவர்கள் மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு சிறு தாளைப் பயன்படுத்துகிறார்கள். தேசியச் சுகாதார ஆய்வும் இதைக் கொண்டே கணக்கெடுத்தது. வயதுவந்தோரில் மனச்சோர்வு உடையோர் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் 2022இல் நடந்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறியும், எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணமும் இருந்தன.

அத்தாளின் முதல் கேள்வி எதைப் பற்றியது தெரியுமா? செயல்களில் நாட்டமும் இன்பமும் குறைந்தனவா என்பது. கடைசியான ஒன்பதாம் கேள்வி சாவு எண்ணம் பற்றியது. இது நோயின் படிவரிசை அன்று. ஆயினும், நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. ஒன்பதாம் கேள்விக்குரிய நிலையை வகுப்பறையில் நம்மால் எளிதில் காண இயலாது. முதல் கேள்விக்குரிய நிலையைக் காண இயலும்!

உறுமி மேளச் சத்தம் கேட்டாலே கால் தரிக்காத ஒரு மாணவன் இருந்தான். தைப்பூசத்திற்கு இரு மாதம் முன்பே பயிற்சிக்கு ஓடுவான். ஓராண்டு அவன் போகவில்லை. "சோம்பல்" என்றார்கள், "கைப்பேசி" என்றார்கள். அவனுடைய வகுப்பாசிரியை மட்டும், "மேளம்கூடவா பிடிக்கவில்லை?" என்று கேட்டு அருகில் உட்கார்ந்தார். அவன் நெடுநேரம் பேசவில்லை, பிறகு பேசினான். ஆலோசனை ஆசிரியர், பெற்றோர், மருத்துவர் என ஒரு சங்கிலி அமைந்தது. மாதங்கள் ஆயின. அவன் மீண்டும் மேளம் தோளில் மாட்டினான். இது அரிய நிகழ்வு அன்று. உரிய மருத்துவம் பெற்றோரில் பெரும்பாலோர் தேறுகிறார்கள்.

ஆசிரியர்களும் பெற்றோரும் நினைவில் கொள்ளவேண்டியவை:

1. பிள்ளை எதில் மகிழ்வான் என்பதை அறிந்து வையுங்கள். அது நின்றுபோனால்தான் உங்களுக்குத் தெரியவரும்.

2. இரண்டு வாரத்திற்கு மேல் நாட்டமின்மை நீடித்தால், உறக்கமும் பசியும் மாறினால், கவனம் சிதறினால் சோம்பல் என்று முத்திரை குத்தாதீர்கள். பிள்ளைகளிடம் சோகத்திற்குப் பதில் எரிச்சலும் காரணமில்லாத தலைவலி, வயிற்றுவலியும் தோன்றக்கூடும்.

3. ஐயம் இருந்தால் நேராகக் கேளுங்கள்: "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாறாக, பாரம் இறங்கும்.

4. "உனக்கு என்ன குறை?", "சாமி கும்பிடு, சரியாகிவிடும்" என்ற சொற்களை ஒத்திவையுங்கள். வழிபாடு ஆறுதல் தரலாம். அது மருத்துவத்திற்கு மாற்று ஆகாது.

5. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிர் பற்றிய செய்தியில் மறைப்பு கூடாது. நெருக்கடி வேளையில் தனியே விடாதீர்கள். நஞ்சையும் மருந்துகளையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

6. மீண்டு பள்ளிக்கு வரும் பிள்ளையைக் குற்றவாளியைப் போல் பார்க்காதீர்கள். சட்டமே அந்தப் பார்வையை விட்டுவிட்டது.

சட்டத்திலிருந்து ஒரு பிரிவை நீக்க ஒரு வாக்கெடுப்பு போதும். நம் வீட்டுப் பேச்சிலிருந்தும் ஆசிரியர் அறைப் பேச்சிலிருந்தும் அதை நீக்குவதற்கு எந்த நாடாளுமன்றமும் வராது. அந்த வேலை நம்முடையது.

இதைப் படிப்பவருள் எவருக்கேனும் வாழ்க்கை மரத்துப்போயிருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். பிபிரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு: 15555. தாலியான் காசே: 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 999. இந்த எண்களைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவிலும் ஒட்டி வையுங்கள்.